சிஸ்டர்ஸ் ஊர் குவில்ட் கண்காட்சி: ஒரே நாளில் போய் வந்தோம், அம்மா கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்

நூல்கண்டு:

போன சனிக்கிழமை குடும்பத்தோடு சிஸ்டர்ஸ் போய் வந்தோம். ஆரிகனில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேஸ்கேட் மலைக்குக் கிழக்கே மூவாயிரம் பேர் வசிக்கிற சின்ன ஊர். வருடத்தில் ஒரே ஒரு நாள், ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, கடைச் சுவர், தாழ்வாரம், மாடிக் கைப்பிடி என்று ஊர் முழுக்கக் குவில்ட்களை, அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளைத் தொங்கவிடுகிறார்கள். ஆயிரத்துக்குப் பக்கம் இருக்கும் என்றார்கள். என் பையன் 212 வரை எண்ணிவிட்டு ஐஸ்கிரீம் கேட்டான், அதனால் எனக்கு அதுவரைதான் தெரியும். 1975இல் ஜீன் வெல்ஸ் என்பவர் தன் துணிக்கடைக்கு வெளியே ஒரு டஜன் குவில்ட்டை மாட்டியதில் ஆரம்பித்ததாம். இன்றைக்குத் திறந்தவெளியில் நடப்பதில் உலகத்திலேயே பெரியது இதுதான் என்கிறார்கள்.

பீவர்டனிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நான், கணவர், பதின்மூன்று வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. எனக்குத் தையல் பைத்தியம், மற்ற யாருக்கும் இல்லை. அம்மாவைக் கூட்டிப் போனது வீட்டில் தனியாக விட முடியாது என்பதால்தான், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. சேலம் வழியாக 22ஆம் நெடுஞ்சாலை (ஆமாம், இங்கேயும் ஒரு சேலம், அம்மா வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்), அப்புறம் சாண்டியம் கணவாய். டெட்ராய்ட் ஏரிப் பக்கம் 2020 தீயில் எரிந்த மரங்கள் இன்னும் கரிக்குச்சி மாதிரி நிற்கின்றன. அந்த இடத்தில் காரில் யாரும் பேசவில்லை.

கணவாயைத் தாண்டினால் காற்றே வேறு. இந்தப் பக்கம் ஈரமும் பாசியும், அந்தப் பக்கம் காய்ந்த மண்ணும் பாண்டரோசா பைன் மரங்களும். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல குளிர், அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டார். தன்னார்வலர்கள் ஏணி போட்டுக் கடைசி குவில்ட்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரே பழைய மேற்கத்திய பாணி மர முகப்புக் கடைகள், அந்த மரத்தின் மேல் இத்தனை வண்ணம். எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "மழை வந்தா இதையெல்லாம் யாரு எடுப்பா?"

இரண்டாவது கேள்விதான் இந்த விவாத இழைக்குக் காரணம். ஒரு கடை வாசலில் நீலமும் வெள்ளையுமாக ஒரு குவில்ட், நட்சத்திரம் நட்சத்திரமாக, ஒவ்வொரு முனையும் ஊசி மாதிரி. எல்லாம் புதுத் துணி, கடையில் கஜம் கணக்கில் வாங்கி வெட்டித் தைத்தது என்று விளக்கினேன். அம்மா என்னையே பார்த்தார். "நல்ல துணியை வாங்கி, கிழிச்சு, மறுபடியும் ஒட்டுப் போடறாங்களா? ஒட்டுப் போடறது கிழிஞ்சதுக்குத்தானே?"

என்னிடம் பதில் இல்லை. என் அலமாரியில் அப்படிக் கிழிக்கக் காத்திருக்கும் புதுத் துணி இரண்டு பெட்டி இருக்கிறது.

இன்னொன்று. அம்மா எந்தக் குவில்ட்டுக்கு முன்னாலும் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆனால் காற்றில் ஓரம் புரண்டால் போதும், குனிந்து பின்பக்கத்தைப் பார்ப்பார். கை வைக்கப் போனபோது வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பாட்டி ஓடி வந்தார். நான் பயந்துவிட்டேன், திட்டப் போகிறார் என்று. அவர் தன் கையுறைக் கையால் ஓரத்தைத் தூக்கி அம்மாவுக்கு முழுதாகக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி ஒன்றும் கிடையாது. பத்து நிமிஷம் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சரி, கேள்வி இதுதான்: புதுத் துணியை வெட்டி ஒட்டுப் போடுவது எப்படி வந்தது? அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?

சலிப்புசாமி:

தலைப்பில் குவில்ட்டைக் கில்ட் என்று படித்துவிட்டு, குற்ற உணர்ச்சிக்கெல்லாம் கண்காட்சி வைக்கிறார்களா, என் மனைவி ஆயுள் உறுப்பினர் ஆகிவிடுவாளே என்று உள்ளே வந்தேன்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நானும் இதையே என் வீட்டில் கேட்டேன், பதிலாக ஒரு வாரம் மௌனம் கிடைத்தது. அது இருக்கட்டும், உங்கள் கணவரும் பையனும் அந்த ஏழு மணி நேரம் என்ன செய்தார்கள்? அதை விவரமாக எழுதுங்கள் அக்கா, பலருக்கும் உயிர் காக்கும் தகவல். நான் ஒருமுறை இப்படிப்பட்ட ஒரு கண்காட்சியில் நாற்காலி தேடியே ஒன்றரை மைல் நடந்தவன்.

நூல்கண்டு:

கணவர் முதல் ஒரு மணி நேரம் நல்ல மனிதராக இருந்தார். இரண்டாவது மணியில் "இதுவும் நல்லாயிருக்கு" என்பதை ஒரே தொனியில் பதினாலு தடவை சொன்னார். அதற்கு மேல் வதைக்கக் கூடாது என்று மகளோடு காரில் அனுப்பிவிட்டேன். பதினைந்து இருபது நிமிஷ ஓட்டத்தில் மெட்டோலியஸ் ஆறு பிறக்கும் இடம் இருக்கிறது. பிளாக் பியூட் என்கிற எரிமலைக் குன்றின் அடியில் தரையிலிருந்து அப்படியே ஊற்றாகப் பொங்கி, பொங்கிய இடத்திலேயே ஆறாகிவிடுகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து சின்ன நடைதான். போய்ப் பார்த்துவிட்டுப் பாண்டரோசா மரப்பட்டையை முகர்ந்து பார்த்தார்களாம், வெயிலில் வெனிலா வாசம் வருகிறது, மகள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பையன்தான் ஆச்சரியம். ஃபோனிலேயே இருந்தவனிடம் ஒரு வேலை கொடுத்தேன்: தப்பு கண்டுபிடி. எந்தக் குவில்ட்டில் எந்தத் துண்டு தலைகீழாக இருக்கிறது என்று. உடனே போட்டியாகிவிட்டது. லாக் கேபின் வடிவத்தில் நடுவில் ஒரு சின்னச் சிவப்புச் சதுரம் வைத்து, சுற்றிச் சுற்றிப் பட்டைகளை வைத்துக்கொண்டே போவார்கள், ஒரு பாதி வெளிர், மறு பாதி அடர். அதில் ஒரே ஒரு கட்டம் திரும்பியிருந்ததை அவன்தான் பார்த்தான். தைத்தவரே பக்கத்தில் நின்றிருந்தார், பாவம். "இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லையே" என்று வாய்விட்டுச் சிரித்தார். நான் மண்ணுக்குள் போய்விடலாமா என்று நின்றேன்.

அப்புறம் கால் அங்குலக் கணக்கு சொன்னேன். ஒவ்வொரு துண்டுக்கும் தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டும், இரண்டரை அங்குலச் சதுரம் தைத்து முடித்தால் இரண்டு அங்குலம்தான் தெரியும். ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் அங்குலம் பிசகினால் பதினாறு தையலில் இரண்டு அங்குலம் காணாமல் போகும். "அதனாலதான் நீ தைச்சது கோணலா இருக்கா" என்றான். பெற்ற பிள்ளை.

ஓரங்கட்டி:

நூல்கண்டு தங்கச்சி, பதினாலு வருஷமாகக் குவில்ட் தைக்கிறேன், யூஜீன் பக்கம் இருக்கிறேன், சிஸ்டர்ஸுக்கு ஆறு முறை போயிருக்கிறேன். அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லட்டுமா?

நாம் எல்லோரும் நம்பும் கதை ஒன்று உண்டு: அமெரிக்காவில் குடியேறிய ஏழைப் பெண்கள் கந்தலைச் சேர்த்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள், அதிலிருந்து இந்தக் கலை வந்தது என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இன்று மிஞ்சியிருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கக் குவில்ட்களைப் பார்த்தால் பெரும்பாலும் வசதியான வீட்டுச் சொத்து. துணி அப்போது விலை உயர்ந்த பொருள், ஏழைக்குத் துண்டு மிச்சமே இருக்காது, ஆடையைத் தேயும்வரை போட்டு, பிள்ளைக்கு வெட்டி, அப்புறம் துடைக்கிற துணியாகும். ஆலைத் துணி மலிவான பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், துண்டு சேர்த்துத் தைப்பது வீட்டுக்கு வீடு பரவியது. அதாவது புதுத் துணியை வெட்டுவது பின்னால் வந்த ஆடம்பரம் இல்லை, முதலிலேயே இருந்தது.

எந்தத் துணியை வெட்டினார்கள் என்பது இன்னும் சுவாரசியம். அம்மாவிடம் "சீட்டி" என்று சொல்லிப் பாருங்கள், சீட்டிப் பாவாடை போட்ட தலைமுறையாக இருக்கும். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் ஏற்றிய அந்தப் பூத்துணிக்கு ஐரோப்பாவில் அடிதடி. காரணம் அழகு மட்டுமில்லை. படிகாரம் போட்டு, சாயவேர்ச் சிவப்பைத் துணிக்குள் பிடிக்க வைக்கும் வித்தை நம் ஊரில் இருந்தது, எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அங்கே அன்றைக்கு அச்சடித்த துணி ஒரு வெளுப்பில் அழுது வடிந்துவிடும். ஒரு கஜம் சீட்டிக்கு மேல் வாங்க வசதியில்லாத பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதிலிருக்கும் பூவையும் பறவையையும் தனித்தனியாகக் கத்தரித்து, பெரிய வெள்ளைத் துணியில் பரப்பி வைத்துத் தைத்தார்கள். ஒரு கஜத்தில் ஒரு கட்டில் நிறைந்துவிடும். பிராடரி பர்ஸ் என்று அதற்குப் பெயர்.

ஆக, நல்ல துணியை ஏன் வெட்டினாய் என்று கேட்டால், நல்ல துணி போதாததால்தான்.

கறார்:

நல்ல பதிவு, ஆனால் ஒரு சந்தேகம். வெளிநாட்டில் எதைப் பார்த்தாலும் "அது நம்மிடமிருந்து போனதுதான்" என்று முடிக்கும் வியாதி நமக்கு உண்டு. ராக்கெட், பிளாஸ்டிக் சர்ஜரி, இப்போது குவில்ட்டா? இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைப்பது குளிர் உள்ள எல்லா ஊரிலும் தானாகவே வந்திருக்கும்.

ஓரங்கட்டி:

கறார், குவில்ட் நம்மிடமிருந்து போனது என்று நான் சொல்லவே இல்லை, மறுபடி படியுங்கள். துணி போனது என்றுதான் சொன்னேன். மூன்றடுக்குத் தையல் ஐரோப்பாவில் அதற்கு முன்பே உண்டு. பதினாலாம் நூற்றாண்டில் சிசிலியில் தைத்த டிரிஸ்டன் குவில்ட் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் நம் நூல் ஒன்றும் இல்லை.

ஆனால் துணி போன கதைக்குச் சட்டமே சாட்சி. இங்கிலாந்து நெசவாளர்கள் கூச்சல் போட்டு, 1700இல் அச்சடித்த இந்தியப் பருத்தித் துணியை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதுவும் போதாமல் 1721இல் அதை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் கூடத் தடை. 1774 வரை அந்தத் தடை இருந்தது. இதில் ஓட்டை எங்கே? வெளியே மறு ஏற்றுமதி செய்யலாம். அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போகலாம். லண்டனில் போட்டால் குற்றமான துணி பாஸ்டனில் கட்டில் மேல் கிடந்தது.

கறார்:

சரி, இது எனக்குத் தெரியாது. பின்வாங்குகிறேன். ராக்கெட்டில் மட்டும் பின்வாங்க மாட்டேன்.

காரோட்டி:

வரலாறு எல்லாம் இருக்கட்டும், அடுத்த வருஷம் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. போர்ட்லண்ட் பக்கத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்காட்சி காலை 9 முதல் மாலை 4 வரைதான், நாலடித்ததும் அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள், மத்தியானம் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணவே எண்ணாதீர்கள். ஊருக்குள் போகும் 20ஆம் நெடுஞ்சாலைதான் ஊரின் பிரதான வீதியும், கேஸ்கேட் அவென்யூ. அன்றைக்கு அதில் கார் நகராது. ஊர் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள், ஊரே அவ்வளவு நீளம் இல்லை.

திரும்பும்போது அவசரம் இல்லாவிட்டால் 242ஆம் சாலையில் மெக்கன்சி கணவாய் வழியாக வாருங்கள். குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், ஜூலையில் திறந்திருக்கும். உச்சியில் கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்பு எரிமலைக் குழம்புப் பாறைதான், நடுவே அதே பாறையில் கட்டிய டீ ரைட் கோபுரம், 1935இல் முடித்தது. உள்ளே ஜன்னல் ஜன்னலாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு மலை தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவு அதிகம், 35 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை, வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் வந்த வழியே போங்கள். சுற்றும் அதிகம்.

காலையில் ஸ்வெட்டர், பகலில் தொப்பி, இரண்டும் வேண்டும். மூவாயிரம் அடிக்கு மேலான இடம், காலையில் நடுங்கவைத்து மத்தியானம் வறுத்தெடுக்கும்.

பட்டன்பெட்டி:

எனக்குப் புரியாத விஷயம், அந்த வெயிலில் நாள் முழுக்கத் தொங்கினால் சாயம் போகாதா? என் ஜன்னல் திரை இரண்டே வருஷத்தில் ஒரு பக்கம் வெளுத்துவிட்டது.

ஓரங்கட்டி:

போகும். வெயில் பருத்திச் சாயத்துக்கு எதிரிதான். ஆனால் உங்கள் திரை இரண்டு வருஷம் தினமும் வெயில் தின்றது, இது ஒரு நாள், அதிலும் தாழ்வாரத்து நிழல் பாதி நேரம் இருக்கும். அதற்குமேல், தைத்தவர்கள் தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். எதிர்க் கடை மாடியில் மாட்டியிருந்தார்கள், காற்று அடித்து அது உப்பிப் பறந்தபோது, கூடத்தில் கம்பியில் தட்டையாகத் தொங்கும்போது தெரியாத ஒரு அசைவு வந்தது. போர்வை அசைய வேண்டிய பொருள். நூறு வருஷத்துப் பழையதை மட்டும் இப்படித் தொங்கவிட என் மனம் ஒப்பாது.

தெற்குவாசி:

நான் நாஷ்வில் பக்கம். எங்களுக்குக் கிட்டே கென்டக்கியில் படூக்கா ஊர்க் குவில்ட் கண்காட்சி. அங்கே எல்லாம் கூரைக்குக் கீழே, நடுவர்கள், பரிசுத்தொகை, வரிசை. 1991இல் திறந்த தேசிய குவில்ட் அருங்காட்சியகமும் அங்கேதான், ஊருக்கே யுனெஸ்கோ கைவினை நகரம் என்று 2013இல் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தையலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் படூக்கா. குடும்பத்தோடு காலாற நடக்க வேண்டுமென்றால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிஸ்டர்ஸ்தான் மேல். படூக்காவில் என் மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு ஊரறியும்.

நூல்கண்டு:

ஓரங்கட்டி அக்கா, சீட்டி விஷயத்தை அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். சீட்டிப் பாவாடை ஞாபகம் இருக்கிறதாம், பூ எந்த நிறம் என்றுகூடச் சொன்னார். ஆனால் வாதத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்குத் துணி போதல, வெட்டுனாங்க, சரி. இன்னிக்குத்தான் போதுதே?" என்கிறார்.

இன்னொரு சண்டையும் அங்கேயே வந்தது, அதையும் இங்கே போடுகிறேன். குவில்ட் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கும். பலவற்றில் இரண்டு பெயர்: மேல் துணியைத் துண்டு சேர்த்துத் தைத்தவர் ஒருவர், மூன்று அடுக்கையும் சேர்த்து மேலே கோலம் மாதிரி தைத்தவர் இன்னொருவர். இரண்டாமவர் பெரும்பாலும் லாங் ஆர்ம் இயந்திரம் (முழுப் போர்வையையும் சட்டத்தில் விரித்துத் தைக்கும் பெரிய தையல் இயந்திரம்) வைத்திருப்பவர், சதுர அங்குலத்துக்கு இத்தனை சென்ட் என்று கூலி. 60க்கு 80 அங்குலப் போர்வை என்றால் 4800 சதுர அங்குலம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா கேட்டார்: "அப்போ இது யாரோட போர்வை?"

கறார்:

கேள்வி சரி. பாதியை வெளியே கொடுத்துவிட்டு நான் தைத்தேன் என்று மாட்டுவது எனக்கும் ஒப்பவில்லை. வீடு கட்டினேன் என்று சொல்கிறவன் செங்கல்லா எடுத்து வைத்தான் என்று கேட்பீர்கள், ஆனால் இது கைவினை இல்லையா? கையால் தைத்தால்தான் கைவினை.

ஓரங்கட்டி:

இதில் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, குவில்ட் என்றைக்குமே ஒருத்தர் வேலையாக மட்டும் இருந்ததில்லை. மேல் துணியை ஒரு பெண் தனியாகத் தைப்பாள், அப்புறம் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்தார் சுற்றி உட்கார்ந்து ஒரே நாளில் மூன்றடுக்கையும் தைத்து முடிப்பார்கள். அந்த எட்டுப் பேர் பெயர் எங்கும் இல்லை. இன்றைக்குச் சீட்டில் இரண்டாவது பெயர் இருப்பது எனக்கு முன்னேற்றமாகத்தான் தெரிகிறது, கூலியும் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, இயந்திரம் புதிதில்லை. தையல் இயந்திரம் வீட்டுக்குள் வந்த 1860களிலேயே அதில் தைத்த குவில்ட் உண்டு. சிலர் பெருமையாகத் தெரிகிற மாதிரி மேல்பக்கமே இயந்திரத் தையல் போட்டார்கள், எங்கள் வீட்டில் இயந்திரம் இருக்கிறது பார் என்று.

மூன்றாவது, என் வலது மணிக்கட்டு. கையால் ஒரு முழுக் குவில்ட் தைத்து முடிக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது, அதற்குப் பிறகு ஆறு மாதம் ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. கைவினை கைவினை என்று சொல்கிறவர்கள் அந்தக் கையையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சலிப்புசாமி:

கறார், இரண்டாவது முறை பின்வாங்குங்கள். பழகிவிடும்.

கறார்:

மணிக்கட்டுக்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன் அக்கா. ஆனால் கருத்தில் பாதி இன்னும் நிற்கிறது. விலைச் சீட்டு தொங்கும்போதாவது எது கை, எது இயந்திரம் என்று பெரிதாக எழுத வேண்டும்.

ஓரங்கட்டி:

அதில் சண்டை இல்லை. எழுத வேண்டும்தான்.

இன்னொன்று, நூல்கண்டு. அம்மா சொல்வதுபோல் பழந்துணியில் மட்டுமே தைத்தவர்களும் இங்கே உண்டு, அவர்களைக் காட்டுங்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்கிற ஊர், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடந்த கறுப்பினத்தவர் கிராமம். வயலில் போட்டுத் தேய்ந்த கால்சட்டை, மாவுச் சாக்கு, இவைதான் துணி. முழங்கால் தேய்ந்த இடம் வெளுப்பாகவும் பை இருந்த இடம் அடர் நீலமாகவும் அப்படியே தெரியும். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள், அதன்பின் நியூயார்க் விட்னியில், 2006இல் தபால்தலையாகவே வந்தது. அந்தப் படங்களைக் காட்டிவிட்டு அம்மா என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

பட்டன்பெட்டி:

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் மாமியாரின் பழைய சுங்குடிப் புடவைகள் மூன்று இருக்கின்றன, மெத்தென்று இருக்கும். வெட்டித் தைக்கலாமா? போன வருஷம் ஒன்றை வெள்ளைத் துணியோடு சேர்த்து ஒரு தலையணை உறை தைத்தேன், முதல் துவைப்பிலேயே வெள்ளை முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. அவருக்குத் தெரியாது. இந்த இழையைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஓரங்கட்டி:

சாயவேர் காலத்துச் சிவப்பு இல்லை இது, அதனால் நம்பாதீர்கள். வெட்டுவதற்கு முன் புடவையைத் தனியாக வெந்நீரில் ஊறப் போடுங்கள், நீர் தெளிவாக வரும்வரை. வெள்ளைத் துணியில் ஈரத்தோடு ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், ஒட்டினால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள், அடர் நிறத்தோடு சேருங்கள்.

தைத்த பிறகு சாயம் இறங்கிவிட்டால் முக்கியமான ஒன்று: காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். தொட்டி நிறைய வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், முழுக்க மூழ்கும்படி பத்துப் பன்னிரண்டு மணி நேரம், நீர் நிறம் மாறினால் மாற்றி மறுபடி. நிறையத் தண்ணீர் இருந்தால்தான் இறங்கிய சாயம் நீரிலேயே மிதக்கும், குறைவாக இருந்தால் திரும்பத் துணியில் உட்காரும். அந்த உறையைக்கூட முயன்று பார்க்கலாம், மாமியாருக்குத் தெரிவதற்குள்.

பழைய புடவை மெலிசாக இருந்தால் வெட்டும் முன் பின்னால் ஒரு மெல்லிய ஒட்டுத் துணியை இஸ்திரியால் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இயந்திரப் பல் இழுத்துவிடும்.

சலிப்புசாமி:

என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டாள். "யாரோ சலிப்புசாமியாம், உங்களை மாதிரியே பேசுகிறார்" என்கிறாள். அடுத்த ஜூலை இரண்டாவது சனிக்கிழமை நாள்காட்டியில் வட்டம் போட்டாயிற்று. மெட்டோலியஸ் ஊற்றுக்குப் பக்கத்தில் நாற்காலி உண்டா?

நூல்கண்டு:

நாற்காலி இல்லை, கொண்டு போங்கள்.

ஜீஸ் பெண்ட் படங்களைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். முழங்கால் வெளுத்த இடத்தில் விரலை வைத்து, "இது ஆம்பளை சட்டை இல்ல, கால்சட்டை, உக்காந்து வேலை செஞ்சவன்" என்றார். இரண்டு படத்தைப் பார்த்துவிட்டுப் போதும் என்று சொல்லவில்லை, முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இவங்க சரியா இருக்காங்க" என்றார். அம்மாவின் வாயிலிருந்து இது தேசிய விருது.

ஆனால் இன்னொன்று நடந்திருக்கிறது. நேற்று நான் வேலையிலிருந்து வந்தபோது என் புதுத் துணிப் பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. ஃபேட் குவார்ட்டர்கள் எல்லாம், அந்தப் பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலத் துண்டுகள், நிறவாரியாகப் பாயில் பரப்பி வைத்திருந்தார். கத்தரியைத் தொடவில்லை. என் பழைய பருத்திப் புடவை இரண்டை மடித்து உள்ளடுக்காக வைத்து, மேலே அந்தத் துண்டுகளை வெட்டாமல் முழுசாகவே அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் போட ஆரம்பித்துவிட்டார். நடுவில் பஞ்சு அடுக்கு வேண்டாமா என்று கேட்டேன், புடவையே போதும் என்றார். மூலை எதுவும் எதோடும் பொருந்தவில்லை. பையன் வந்து தப்பு கண்டுபிடிக்க ஆரம்பித்தான், "உன் கண்ணுலதான் தப்பு, போய்ப் படி" என்று விரட்டிவிட்டார்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் மாதிரியேதான் இருக்கிறது, முடிச்சு ஒன்றுகூடத் தெரியவில்லை. எங்கே ஒளித்தார் என்று கேட்டதற்கு, அந்தக் கையுறைப் பாட்டி காட்டினாராம், முடிச்சைச் சுண்டி இழுத்து உள்ளடுக்குக்குள் விட்டுவிட வேண்டுமாம். எந்த மொழியில் சொன்னார் என்று கேட்டேன். "கையிலதான்" என்றார்.

செப்டம்பரில் டிக்கெட். அதற்குள் முடியாது போலிருக்கிறது, பாதியை ஊருக்கு எடுத்துப் போய் முடித்து அனுப்புகிறேன் என்கிறார். ஓரங்கட்டி அக்கா, ஓரப்பட்டியை அங்கேயே போடச் சொல்லவா, இங்கே வந்த பிறகு நான் போடவா? இரண்டு பெயர் எழுத வேண்டி வரும்.